கம்பி தெரிகிறதாம்!

பிழை பிடிப்பது ஒரு தொழில். முப்பது வருடத்துக்கு மேல் அரசாங்கத்தில் அதைச் செய்து சம்பளம் வாங்கியவன் நான். கணக்குப் பிரிவில் யூ.டி.சி. ஒரு பில் மேசைக்கு வந்தால், கூட்டல் சரியா, தேதி சரியா, கையெழுத்து உரியவருடையதுதானா என்று பார்த்து, சரியில்லை என்றால் ஆட்சேபணை எழுதித் திருப்பி அனுப்ப வேண்டும். அதனால் பிழை பிடிப்பவர்கள் மேல் எனக்கு இயல்பாகவே மரியாதை உண்டு. ஆனால் இப்போது கைபேசியில் ஒரு புதுக் கூட்டம் கிளம்பியிருக்கிறது. பழைய சினிமாக்களைப் போட்டு, நடுவில் நிறுத்தி, சிவப்பு வட்டம் வரைந்து, "இதோ கம்பி தெரிகிறது, இதோ பொம்மை தெரிகிறது" என்று சிரிக்கிறார்கள். அவர்கள் செய்வது பிழை பிடிப்பதே அல்ல என்பது என் கட்சி. ஏன் என்று சொல்கிறேன்.

போன மாதம் என் பேரன் காட்டிய ஒரு வீடியோ, 1954-ல் வந்த ஜப்பானியப் படமான காட்ஸில்லாவைப் பற்றியது. பார்க்காதவர்களுக்காக இரண்டு வரி. கடலுக்கடியில் காலங்காலமாகக் கிடந்த ஒரு ராட்சதப் பிராணி, ஹைட்ரஜன் குண்டுச் சோதனையால் கலைக்கப்பட்டு மேலே வந்து தோக்கியோ நகரத்தை மிதித்து எரிக்கிறது. இயக்குநர் இஷிரோ ஹோண்டா. தந்திரக் காட்சிகள் எய்ஜி சுபுராயா. அந்த ஆண்டு நவம்பர் 3-ஆம் தேதி ஜப்பானில் வெளியானது. நம் ஊர் வாசகர்களுக்கு அந்த வாரத்தை நினைவூட்ட வேண்டியதில்லை. நவம்பர் 1-ஆம் தேதிதான் புதுச்சேரியில் பிரெஞ்சுக் கொடி இறங்கி நம் கொடி ஏறியது.

வீடியோக்காரர் சொன்ன பிழைகள் இவை. விமானங்களைத் தாங்கும் கம்பி தெரிகிறது. விமானம் விடும் ஏவுகணைகள் காட்ஸில்லா மேல் படாமல் பக்கத்தில் போகின்றன. கவிழும் தீயணைப்பு வண்டி குழந்தைகளின் பொம்மை வண்டி மாதிரி இருக்கிறது. கிட்டத்தில் காட்டும்போது காட்ஸில்லாவின் முகம் ஒரு மாதிரி, தூரத்தில் வேறு மாதிரி. எல்லாம் உண்மைதான். என் கண்ணுக்கும் தெரிகிறது, கண்புரை அறுவை சிகிச்சைக்கு முன்பே தெரிந்திருக்கும். அதனால் என்ன?

பிரெஞ்சுக்காரர்கள் பிழைக்கு இரண்டு சொல் வைத்திருக்கிறார்கள். "எரேர்" என்றால் தவறிப்போனது, கை நழுவியது. "ஃபோத்" என்றால் குற்றம், ஒருவன் மேல் பொறுப்பு விழுகிற தப்பு. எங்கள் பள்ளியில் "திக்தே" என்று ஒரு பாடம் உண்டு. வாத்தியார் படிக்க, நாங்கள் பிழையில்லாமல் எழுத வேண்டும். ஐந்து பிழை என்றால் பூஜ்யம். அதில் எழுத்துப் பிழையையும் "ஃபோத்" என்றுதான் சொல்வார்கள், அது வேறு கதை. அலுவலகத்துக்கு வந்த பிறகுதான் இந்த இரண்டு சொல்லுக்கும் உள்ள தூரம் எனக்கு நன்றாக விளங்கியது. கூட்டலில் ஒரு ரூபாய் குறைந்தால் அது எரேர். இல்லாத ஆளுக்குக் கூலி எழுதினால் அது ஃபோத். இரண்டுக்கும் ஒரே சிவப்பு மை போடுகிறவன் தணிக்கை செய்யத் தகுதியில்லாதவன்.

இப்போது அந்தப் படத்தைத் தணிக்கை செய்வோம்.

முதல் வகை, பிழை போலத் தெரிவது, ஆனால் பிழையே இல்லாதது. சுபுராயா 1933-ல் வந்த அமெரிக்கப் படமான கிங் காங்கைப் பார்த்து மயங்கியவர். அந்தக் குரங்கு பெரும்பாலும் ஒன்றரை அடி உயரப் பொம்மை. உள்ளே உலோக எலும்புக்கூடு, மேலே ரப்பர், அதன் மேல் முயல் தோல். வில்லிஸ் ஓ பிரையன் என்பவர் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக அசைத்து, ஒவ்வொரு அசைவையும் ஒரு படமாக எடுத்தார். ஒரு விநாடி ஓட 24 படம் வேண்டும். ஒவ்வொரு முறையும் பொம்மையைத் தொட்டு நகர்த்தியதால் ரோமம் கலைந்தது. திரையில் பார்த்தால் குரங்கின் மேல் காற்று வீசுவது போல ரோமம் சிலிர்த்துக்கொண்டே இருக்கும். அதுவும் இன்று "பிழை" பட்டியலில் இருக்கிறது. அங்கே நான் பார்ப்பது ஒரு மனிதனின் விரல் ரேகையை.

சுபுராயாவும் அப்படியே எடுக்க ஆசைப்பட்டார். ஆனால் அந்த முறையில் எடுத்தால் ஏழு வருடம் ஆகும் என்று கணக்குச் சொன்னார். படப்பிடிப்பு ஆரம்பித்தது ஆகஸ்ட் மாதம், படம் திரைக்கு வந்தது நவம்பர் தொடக்கம். ஆகவே ஒரு மனிதனை ரப்பர் உடைக்குள் நுழைத்தார்கள். அவர் பெயர் ஹாருவோ நகஜிமா. முதலில் செய்த உடை ஏறக்குறைய 100 கிலோ, நடக்கவே முடியவில்லை. அதை இரண்டாக வெட்டி, கால் மட்டும் தெரிய வேண்டிய காட்சிக்குக் கீழ்ப் பாதியைப் பயன்படுத்திக்கொண்டார்கள். அரசாங்க அலுவலகத்தில் பழைய கோப்பின் பின்பக்கத்தில் புதுக் குறிப்பு எழுதியவர்களுக்கு இந்தச் சிக்கனம் புரியும். விளக்குகளின் சூட்டில் நகஜிமா உள்ளே மயக்கம் போட்டு விழுந்திருக்கிறார். உடையிலிருந்து வேர்வையை வடித்துக் கொட்டியிருக்கிறார்கள். காட்ஸில்லாவின் மூச்சுக்காற்றில் உருகி வளையும் மின்கோபுரங்கள் மெழுகால் செய்தவை. அதன் கர்ஜனை, இசையமைப்பாளர் அகிரா இஃபுகுபே பெரிய பாஸ் வாத்தியத்தின் தளர்த்திய தந்திகளை, பிசின் தடவிய தோல் கையுறையால் தேய்த்து எடுத்தது.

அடுத்து நான் சொல்லப்போவது எனக்கு மிகவும் பிடித்த "பிழை". கணக்குப் பிரிவு நண்பர்கள் காகிதம் பென்சில் எடுத்துக்கொள்ளுங்கள். கதைப்படி காட்ஸில்லா 50 மீட்டர் உயரம். நகரத்தின் மாதிரிகளை 25-ல் ஒரு பங்கு அளவில் செய்தார்கள். ஆகவே உடை போட்ட மனிதர் 2 மீட்டர். கணக்குச் சரி. ஆனால் ஜப்பானியப் பாராளுமன்றக் கட்டடத்தின் நடுக் கோபுரம் சுமார் 65 மீட்டர். அதே அளவில் செய்தால் மாதிரி 2 மீட்டர் 60 சென்டிமீட்டர் வரும். காட்ஸில்லா அதன் முன்னால் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி நிற்கும். என்ன செய்தார்கள் தெரியுமா? அந்த ஒரு கட்டடத்தை மட்டும் 33-ல் ஒரு பங்காகச் செய்தார்கள். 65-ஐ 33-ஆல் வகுங்கள். 2 மீட்டருக்கு ஒரு பொட்டுக் குறைவு! மிருகம் பாராளுமன்றத்தை விட இம்மி உயரம்.

அளவுகோல் வைத்துப் பார்த்தால் அது தவறு. ஆனால் தெரிந்தே, கணக்குப் போட்டு, ஒரு காரணத்துக்காகச் செய்தது. ஒன்பது வருடத்துக்கு முன்பு இரண்டு அணுகுண்டு வாங்கிய தேசம் அது. குண்டின் பிள்ளையாகிய அந்த மிருகம் தங்கள் பாராளுமன்றத்தை விடப் பெரியது என்று அவர்கள் காட்ட நினைத்தார்கள். இதற்குச் சிவப்பு வட்டம் போடுகிறவனை என்ன சொல்வது?

நம் தெருக்கூத்தில் ராஜா வரும்போது இரண்டு பேர் திரை பிடிப்பார்கள். அந்த இரண்டு பேரும் நமக்கு நன்றாகத் தெரிவார்கள், ஒருவர் பீடி கூடப் பிடிப்பார். துரியோதனன் வந்த பிறகு அவர்கள் யார் கண்ணுக்கும் தெரியமாட்டார்கள். பிரான்சில் மேலியெஸ் 1912-ல் வட துருவப் பயணத்தைப் பற்றி எடுத்த படத்தில் ஒரு பனி அரக்கன் வருவான். பனிக்குள்ளிருந்து மேல் பாதி மட்டும் எழும்பும் பெரிய இயந்திரப் பொம்மை. கயிறு இழுக்க ஆட்கள் இருக்கிறார்கள் என்று முதல் பார்வையிலேயே தெரிந்துவிடும். அது பயணிகளில் ஒருவனை விழுங்கிவிட்டு, பீரங்கி அடித்ததும் வெளியே துப்பும். பின்னாளில் அதை ஒரு திரையிடலில் பார்த்தேன். அரங்கில் கிழவர்கள் நாங்கள் கை தட்டினோம். கயிறு தெரிந்ததற்காக யாரும் பணத்தைத் திருப்பிக் கேட்கவில்லை.

இதனால் அந்தப் படத்தில் பிழையே இல்லை என்று நான் வக்காலத்து வாங்குவதாக நினைக்க வேண்டாம். இரண்டாவது வகை, உண்மையான எரேர். படத்தில் யமானே என்ற பேராசிரியர் வருகிறார். தொல்லுயிர் அறிஞர். காட்ஸில்லா ஜுராசிக் காலத்தது, அது 20 லட்சம் வருடத்துக்கு முந்தியது என்கிறார். ஜுராசிக் காலம் தொடங்கியது சுமார் 20 கோடி வருடத்துக்கு முன்பு. இரண்டு பூஜ்யம் விட்டுப்போய்விட்டது! அதோடு நிற்கவில்லை. மிருகத்தின் காலடித் தடத்தில் ட்ரைலோபைட் என்ற கடல் பிராணியைக் கண்டெடுத்து மகிழ்கிறார். அந்த இனம் ஜுராசிக் தொடங்குவதற்குப் பல கோடி வருடத்துக்கு முன்பே பூண்டோடு அற்றுப்போனது. இதற்கு நேரம் இல்லை, பணம் இல்லை என்ற சாக்கு எடுபடாது. தோக்கியோவில் பல்கலைக்கழகம் இருக்கிறது, தொலைபேசி இருக்கிறது. ஒரு பேராசிரியரைக் கேட்டிருந்தால் ஐந்து நிமிடத்தில் தீர்ந்திருக்கும். என் மேசைக்கு வந்திருந்தால் "இரண்டு பூஜ்யத்துக்கு விளக்கம் தரவும்" என்று திருப்பி அனுப்பியிருப்பேன்.

வேடிக்கை என்னவென்றால், பேரன் காட்டிய வீடியோவில் இந்தப் பிழை இல்லை. ஏன்? இது கண்ணுக்குத் தெரியாது. கம்பியைப் பார்க்கக் கண் போதும். இதைப் பிடிக்கப் படித்திருக்க வேண்டும்.

மூன்றாவது வகைக்கு வருகிறேன். ஃபோத் என்று நான் பெயர் வைக்கும் வகை. சினிமாவில் ஒரு காட்சிக்கும் அடுத்த காட்சிக்கும் பொருந்தாமல் போவதை, அதாவது முதல் காட்சியில் வலது கையில் இருந்த தொப்பி அடுத்ததில் இடது கையில் இருப்பதை, பிரெஞ்சில் "ஃபோ ராக்கோர்" என்பார்கள். பொய்யான இணைப்பு என்று பொருள். எனக்குத் தெரிந்த மிகப் பெரிய பொய்யான இணைப்பு இந்தப் படத்துக்கு 1956-ல் அமெரிக்காவில் நடந்தது.

அங்கே வெளியிட்டவர்கள் படத்தை வெட்டி, ரேமண்ட் பர் என்ற நடிகரை வைத்துப் புதுக் காட்சிகள் எடுத்து, நடுநடுவே ஒட்டினார்கள். அவர் அமெரிக்கப் பத்திரிகையாளராம், எல்லாவற்றையும் பக்கத்தில் நின்று பார்த்தாராம். ஜப்பானிய நடிகர்கள் அங்கே இல்லையே? அதற்கு மாற்று ஆட்களை முதுகு காட்டி நிற்க வைத்தார்கள். பர் ஒரு முதுகுடன் பேசுவார், வெட்டு, பழைய படத்திலிருந்து முகம் பதில் சொல்லும். இதைப் பார்த்தும் சிரிக்கலாம், நானும் சிரித்தேன். ஆனால் அது இல்லை விஷயம்.

மூலப் படம் 96 நிமிடம். அமெரிக்கப் படம் 80 நிமிடம். அதிலும் புதிதாகச் சேர்த்தவை இருக்கின்றன என்றால், வெட்டியது 16 நிமிடத்தை விட நிறைய என்று கணக்குத் தெரிந்தவர்களுக்குப் புரியும். போனவற்றில் ஒன்று ரயில் பெட்டிக் காட்சி. வேலைக்குப் போகிற ஒரு பெண், நாகசாகியிலிருந்து எப்படியோ உயிர் தப்பி வந்தேனே, இப்போது இது வேறா என்று சலித்துக்கொள்கிறாள். சாதாரணமாக, மழை வருமோ என்பது போலச் சொல்கிறாள். அது போய்விட்டது. கடைசியில் பேராசிரியர், அணுகுண்டுச் சோதனைகள் தொடர்ந்தால் இன்னொரு காட்ஸில்லா உலகில் எங்காவது தோன்றும் என்று எச்சரிக்கிறார். அதுவும் போய்விட்டது. அதற்குப் பதிலாக, ஆபத்து நீங்கியது, உலகம் இனி நிம்மதியாக வாழலாம் என்ற பொருளில் பர் முடித்துவைக்கிறார். குண்டு போட்ட தேசத்தில் திரையிடுவதற்காகக் குண்டைப் பற்றிய பேச்சு மங்கலாக்கப்பட்டது. மூலப் படம் அங்கே திரையரங்குகளில் பரவலாக வந்தது 2004-ல். ஐம்பது வருடம்! ஒரு கோப்பின் நடுப் பக்கங்களை உருவிவிட்டு, பக்க எண்ணைத் திருத்தி எழுதிவைப்பதற்கும் இதற்கும் வித்தியாசம் என்ன? அலுவலகத்தில் அதைச் செய்தால் பணியிடை நீக்கம்.

மூலப் படத்தில் ஒரு கூட்டம் நடக்கும். காட்ஸில்லா ஹைட்ரஜன் குண்டால் வந்தது என்பதை வெளியில் சொன்னால் சர்வதேச உறவு கெடும், பொருளாதாரம் கெடும், ரகசியமாக வைக்க வேண்டும் என்று ஒரு பெரிய மனிதர் எழுந்து சொல்வார். எதிரே இருக்கும் பெண்கள், உண்மையை வெளியிட்டால் என்ன என்று கூச்சல் போடுவார்கள். அந்தப் பெரிய மனிதரின் குரலை நான் பணிக்காலத்தில் பல அறைகளில் கேட்டிருக்கிறேன். தோக்கியோவில்தான் கேட்க வேண்டும் என்பதில்லை.

இனி, அந்த வருடத்தின் உண்மையான பிழை எது என்று சொல்லிவிடுகிறேன். 1954 மார்ச் 1-ஆம் தேதி அமெரிக்கா பசிபிக் கடலில் பிகினி பவளத் தீவில் ஒரு ஹைட்ரஜன் குண்டை வெடித்துப் பார்த்தது. அந்தச் சோதனைக்கு பிராவோ என்று பெயர். விஞ்ஞானிகள் போட்ட கணக்கு சுமார் 6 மெகா டன். வெடித்தது 15 மெகா டன். குண்டுக்குள் இருந்த லித்தியத்தில் ஒரு வகை, லித்தியம் ஏழு, சும்மா கிடக்கும், வினையில் சேராது என்று நினைத்துவிட்டார்கள். அது சேர்ந்தது. இரண்டரை மடங்கு! ட்ரைலோபைட் பிழைக்கு நாம் சிரித்தோம். இதற்கு யார் சிரிப்பது?

ஆபத்து எல்லை என்று அவர்கள் வரைபடத்தில் போட்ட கோட்டுக்கு வெளியே ஒரு ஜப்பானிய மீன்பிடிப் படகு இருந்தது. 23 பேர். வானத்திலிருந்து வெள்ளைச் சாம்பல் மணிக்கணக்கில் அவர்கள் மேல் கொட்டியது. எல்லாருக்கும் கதிர்வீச்சு நோய். படகின் வானொலி இயக்குநர் அய்கிச்சி குபோயாமா செப்டம்பர் 23-ஆம் தேதி இறந்தார், வயது 40. அவர் மருத்துவமனையில் கிடந்த நாட்களில்தான் இந்தப் படத்தின் படப்பிடிப்பு நடந்துகொண்டிருந்தது. படத்தின் முதல் காட்சியில் கடலில் ஒரு பேரொளி தோன்றி ஒரு கப்பல் எரிந்து மூழ்கும். அன்றைக்குக் கொட்டகையில் உட்கார்ந்திருந்த ஜப்பானியர் ஒருவருக்காவது அது பொம்மைக் கப்பல் என்று தோன்றியிருக்குமா?

ரொங்கேலப் தீவு மக்கள் மேலும் அதே சாம்பல் விழுந்தது. அவர்களை அப்புறப்படுத்த இரண்டு நாள் ஆயிற்று. அடுத்த வருடம் ஜனவரியில் அமெரிக்கா ஜப்பானுக்கு 20 லட்சம் டாலர் கொடுத்தது. எக்ஸ் கிரேஷியா! அரசாங்கத்தில் வேலை பார்த்தவர்களுக்கு இந்த வார்த்தையின் ருசி தெரியும். பணம் தருகிறோம், பொறுப்பு மட்டும் ஏற்கமாட்டோம் என்பதற்கு லத்தீனில் ஒரு வார்த்தை.

அமெரிக்காவை மட்டும் திட்டிவிட்டு நான் படித்த மொழிக்குச் சலுகை காட்டினால் நேர்மையில்லை. பிரான்சு 1960-ல் அல்ஜீரிய சஹாராவில் ஆரம்பித்து, 1966 முதல் 1996 வரை பொலினீசியாவில் குண்டு வெடித்தது. எங்கள் பள்ளி நிலப்படத்தில் மொருரோவா ஒரு புள்ளி. அதன் தலைநகரம், விளைபொருள் கேட்டார்களே தவிர, அங்கே என்ன வெடிக்கிறார்கள் என்று ஒரு வாத்தியாரும் சொல்லவில்லை. பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீட்டுச் சட்டம் வந்தது 2010-ல். அதற்குள் எத்தனை பேர் மனுக் கொடுக்கும் நிலையைத் தாண்டிப் போயிருப்பார்கள்!

படத்தின் முடிவில் செரிசாவா என்ற விஞ்ஞானி, தான் கண்டுபிடித்த பயங்கர ஆயுதத்தால் காட்ஸில்லாவை அழிக்க ஒப்புக்கொள்கிறார். அதற்கு முன்பு தன் குறிப்புகளை எல்லாம் நெருப்பில் போடுகிறார். பிறகு கடலுக்கடியில் தானும் செத்துப்போகிறார், அந்தக் கணக்கு யார் கைக்கும் போகக்கூடாது என்று. ஆவணத்தை எரிப்பதை ஆயுள் முழுக்க எதிர்த்தவன் நான். அந்த ஒரு எரிப்புக்கு மட்டும் ஆட்சேபணை எழுதமாட்டேன்.

ஆகவே பிழை பிடிக்கும் தம்பிமார்களுக்குச் சொல்வது இது. தாராளமாகப் பிடியுங்கள், நல்ல பழக்கம். ஆனால் தணிக்கைக்காரன் முதலில் கேட்பது மூன்று கேள்வி. தெரியாமல் நடந்ததா, தெரிந்து நடந்ததா? தெரிந்து நடந்தது என்றால் யாருக்கு லாபம்? நஷ்டம் யார் தலையில் விழுந்தது? கம்பி தெரிந்ததால் நஷ்டப்பட்டவர் எவரும் இல்லை. நூறு கிலோ ரப்பருக்குள் வேர்த்துக்கொட்டியவரைப் பார்த்துச் சிரிக்கும் நேரத்தில், ரயில் பெட்டியில் பேசிய அந்தப் பெண்ணை வெட்டி எறிந்தவர் யார், எதற்காக என்று தேடுங்கள்.

நம் வயதுக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்தப் படம் கிடைத்தால் 96 நிமிட ஜப்பானியப் பதிப்பையே பாருங்கள். பேரப்பிள்ளைகளையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். கம்பி தெரியும்போது அவர்கள் சிரித்தால் தடுக்காதீர்கள். ரயில் காட்சி வரும்போது மட்டும் நிறுத்தி, நாகசாகி என்றால் என்ன என்று சொல்லிக்கொடுங்கள். பாராளுமன்றக் கட்டடம் வரும்போது 65-ஐ 33-ஆல் வகுக்கச் சொல்லுங்கள். மனக்கணக்காகவே போடட்டும்.